பிள்ளைப்பேறு இரைப்பையைக் காக்கிறதா?

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு, பெற்ற பிள்ளைகள் கூடக் கூட அது இன்னும் குறையும் என்று ஒரு கருத்து மருத்துவ ஆய்வுலகில் சில பத்தாண்டுகளாக நடமாடுகிறது. ஆதரிக்கும் ஆய்வுகள் உண்டு, மறுக்கும் ஆய்வுகளும் உண்டு. ஆய்விதழ்களுக்குள் இருக்கும்வரை அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. மலேசியாவில் கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு வீட்டுக் கூடத்துக்கு அது வந்து சேரும்போதுதான் கவலை பிறக்கிறது. பிள்ளையில்லாத பெண் நம்மிடையே கேட்க வேண்டிய பேச்சையெல்லாம் ஏற்கெனவே கேட்டுவிட்டவள். பெறாத உடம்பு நோய்க்கு இடம் கொடுக்கும் என்ற பழைய குத்தலுக்கு விஞ்ஞான முத்திரையும் விழுந்தால், அவள் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஆறு பெற்ற அம்மாவோ தனக்கு ஆபத்தில்லை என்று நம்பி, மாதக்கணக்கில் கேஸ்ட்ரிக் மருந்தை வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கருத்தை எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேள்வி வெற்று ஊகத்தில் பிறந்ததல்ல. 2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கெடுப்பின்படி, புதிதாக இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 9 லட்சத்து 68 ஆயிரம் பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 6 லட்சத்து 60 ஆயிரம் பேர். இவர்களில் ஆண்கள் பெண்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. புகை, மது என்று காரணம் சொல்லிப் பார்த்தாலும் இந்த இடைவெளி முழுவதுமாக அடைபடுவதில்லை. பெண்களுக்கு இந்நோய் வந்தாலும் ஆண்களைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாமதமாகவே வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தத் தாமதம் கரையத் தொடங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் உண்டாக்கும் இரசாயனம் கொடுக்கப்பட்ட எலிகளிலும் ஆண் எலிகளுக்கே இரைப்பைக் கட்டி அதிகம் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அது குறைகிறது. இரைப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தை வலுப்படுத்தும் புரதங்கள் ஈஸ்ட்ரோஜனால் கூடுகின்றன என்பதும் தெரிந்த செய்தி. ஆகவே பெண்ணின் உடம்பில் ஏதோ ஒன்று இரைப்பைக்குக் காவலாக நிற்கிறது என்ற சந்தேகம் நியாயமானது.

அந்தச் சந்தேகத்திலிருந்து பிள்ளைப்பேற்றுக்குத் தாவியதற்கு வேறொரு மரபு காரணம். 1842-இல் இத்தாலியின் வெரோனா நகரத்து இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்த ரிகோனி-ஸ்டெர்ன், கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகமாக இருப்பதைக் கண்டார். 1970-இல் பிரையன் மெக்மேன் பல நாட்டுப் பெண்களை ஒப்பிட்டு, முதல் குழந்தையை இளவயதிலேயே பெற்றவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவு என்று நிறுவினார். சினைப்பை, கருப்பை உட்சுவர் ஆகியவற்றிலும் பிள்ளைப்பேறு காப்பாக அமைவது பின்னர் உறுதியானது. மார்பகமும் கருப்பையும் பிள்ளைப்பேற்றுக்காகவே அமைந்த உறுப்புகள். இரைப்பை அப்படிப்பட்டதல்ல. அங்கே செல்லுபடியான கணக்கை இங்கேயும் கொண்டுவந்து வைக்கலாமா என்பதுதான் வழக்கு.

இந்த வழக்கை விசாரிக்க மலேசியாவைப் போல ஏமாற்றக்கூடிய இடம் வேறில்லை. மூன்று பெரிய இனங்களையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். இன்று சராசரியாக அதிகப் பிள்ளைகள் பெறுவோர் மலாய்ப் பெண்கள். அடுத்து இந்தியப் பெண்கள். கடைசியில் சீனப் பெண்கள். இப்போது இரைப்பைப் புற்றுநோயை எடுங்கள். சீனர்களிடம் அதிகம், அடுத்து இந்தியர்கள், மிகக் குறைவு மலாய்க்காரர்கள். ஒரு வரிசையைத் தலைகீழாக்கினால் மற்றது அப்படியே வந்துவிடுகிறது. பிள்ளை கூடினால் நோய் குறைகிறது என்று நினைப்பவருக்கு இதைவிட இனிப்பான சான்று கிடைக்காது. ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டினால் பார்ப்பவர் அனைவரும் தலையாட்டுவார்கள்.

ஆனால் அந்த வரைபடம் மூன்று கேள்விகளுக்கு முன்னால் நிற்காது.

ஆண்களை எடுத்துக்கொள்வோம். சீன ஆண்களிடம் அதிகம், இந்திய ஆண்களிடம் அதற்கடுத்து, மலாய் ஆண்களிடம் மிகக் குறைவு. அதே வரிசை. ஆண் கருவுறுவதில்லை, பாலூட்டுவதில்லை. பிள்ளைப்பேற்றுக்கே இடமில்லாத உடம்பிலும் இதே வரிசை தென்படுகிறது என்றால், வரிசைக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பெண்களிடம் மட்டும் அதைப் பிள்ளைப்பேற்றின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

அடுத்தது காலம். இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டியும் தாண்டியும் வருவது. 2000-ஆம் ஆண்டில் அறுபது எழுபது வயதில் நோயாளியாக வந்த பெண் 1950-களிலும் 60-களிலும் பிள்ளை பெற்றவள். அவளை இன்றைய பிறப்பு விகிதத்தோடு ஒப்பிடக்கூடாது. சுதந்திரம் கிடைத்த 1957-ஐ ஒட்டிய காலத்தில் மலாயாவின் மூன்று இனத்துப் பெண்களும் சராசரியாக ஆறு பிள்ளைகளை ஒட்டியோ தாண்டியோ பெற்றார்கள். இன்றைய வரிசை அன்று இல்லை. இந்தியப் பெண்கள் அன்று இந்த நாட்டில் மிக அதிகமாகப் பெற்றவர்களில் இருந்தார்கள். கேரித்தீவிலும் கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் ஏழும் எட்டுமாகப் பிள்ளைகள் ஓடிய லயங்களை நம்மில் பலர் நேரிலேயே பார்த்திருக்கிறோம். பிள்ளைப்பேறு கவசமாக இருந்திருந்தால், அந்தத் தலைமுறைத் தோட்டத்து அம்மாக்களின் மூலம் இந்தியப் பெண்களின் நோய் விகிதம் மலாய்ப் பெண்களுடையதைவிடக் கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை.

மூன்றாவதும் முக்கியமானதும் கிருமி. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை 1982-இல் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் பெர்த் நகரில் கண்டறிந்தார்கள். 2005-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். 1994-இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் கோ கியான் லீயும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்து, இந்தக் கிருமி இந்நாட்டில் இனவாரியாக எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டினார்கள். மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. சீனர்களிடம் கணிசம். இந்தியர்களிடம் மிக அதிகம். மலாய்ப் பெண்களின் குறைந்த நோய்க்கு இதிலேயே பெரும்பகுதி விளக்கம் கிடைத்துவிடுகிறது: கிருமியே இல்லாத இரைப்பையில் புற்றுநோய்க்கு வேலை குறைவு. மலாய்க்காரர்களிடம் இருக்கும் கிருமியின் மரபணுக்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, அது அண்மைக் காலத்தில் இந்தியர்களிடமிருந்து போய்ச் சேர்ந்ததாகத் தெரிகிறது என்ற முடிவுக்கு வந்தது.

கிருமி மிக அதிகமாக இருந்தும் இந்தியர்களுக்குப் புற்றுநோய் சீனர்களைவிடக் குறைவாக இருப்பது நெடுநாள் புதிர். கிருமியின் வகை இனத்துக்கு இனம் மாறுவதும், கிழக்காசிய வகைக் கிருமி இரைப்பையை அதிகம் சிதைப்பதும் ஒரு பகுதி விடை. உப்புக்கண்டம், உப்பிட்ட காய், கருவாடு எவ்வளவு உண்கிறோம், எத்தனை காலம் புகைத்தோம் என்பவை இன்னொரு பகுதி. கோ கியான் லீயின் குழு 2007-இல் வெளியிட்ட ஒப்பீட்டாய்வு இனப் பின்னணியையும் இந்தக் கிருமியையும் தனித்தனி ஆபத்துக் காரணிகளாகக் குறிப்பிட்டது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திலிருந்து வி. கஜலட்சுமியும் வி. சாந்தாவும் 1996-இல் வெளியிட்ட ஆய்வும், நம் மூதாதையரின் ஊரில் இந்நோயை வாழ்க்கைமுறை வழியாகத்தான் துருவிப் பார்த்தது. இவ்வளவு காரணங்களும் கண்ணெதிரே நிற்கும்போது, பிள்ளை எண்ணிக்கையை முன்னால் இழுத்து நிறுத்துவது அவசரம்.

ஆக, மலேசியாவின் இன வரிசை பிள்ளைப்பேற்றுக்கு ஆதரவான சாட்சியாகாது. அதைத் தள்ளிவிட்டால் எஞ்சுவது, தனிப்பட்ட பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகள். அவற்றில் இரண்டைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஷாங்காய் நகரில் 73,442 பெண்களைப் பின்தொடர்ந்து நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. அவர்களில் 154 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை, பாலூட்டியது, பூப்படைந்த வயது, கருத்தடை மாத்திரை ஆகிய எதற்கும் நோயோடு தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது வேறு இடத்தில்: மாதவிடாய் சீக்கிரம் நின்றவர்களுக்கும், மாதவிடாய் ஓடிய ஆண்டுகள் முப்பதுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் நோய் கூடுதல். ஐரோப்பாவில் பத்து நாடுகளைச் சேர்த்து நடக்கும் பெரும் ஆய்விலிருந்து 2010-இல் வெளியான முடிவு 335,216 பெண்களைப் பற்றியது. நோய் கண்டவர்கள் 181 பேர். சினைப்பை அகற்றப்பட்டவர்களுக்கு ஆபத்து 1.79 மடங்கு. மாதவிடாய் ஓடிய மொத்த ஆண்டுகள் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பெண்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஆபத்து ஏறத்தாழப் பாதி. பிள்ளைப்பேற்றுக்கு இங்கேயும் இடமில்லை.

இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கமார்கோவும் உடனுழைத்தோரும் 2012-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். இனப்பெருக்க ஆண்டுகள் நீண்டவர்களுக்கு ஆபத்து நான்கில் ஒரு பங்கு குறைவு. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு குறைவு. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமோக்ஸிஃபென் எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 1.8 மடங்கு கூடுதல். பிள்ளைகள் எத்தனை, முதல் பிள்ளை எந்த வயதில் என்பவற்றுக்குத் தெளிவான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. (டமோக்ஸிஃபென் எடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய் திரும்பி வராமல் அந்த மருந்து தடுப்பது பலமுறை நிறுவப்பட்ட நன்மை. இரைப்பை பற்றிய இந்த அறிகுறி அதற்கு முன்னால் மிகச் சிறியது.)

இனிப் பிள்ளைப்பேற்றுக் கருத்தின் அடிப்படைக் கோளாறுக்கு வருவோம். என் மதிப்பீட்டில் இதுதான் அதன் மிகப் பலவீனமான இடம். காப்பது ஈஸ்ட்ரோஜன் என்று கொள்வோம். கருவுற்றிருக்கும் பத்து மாதமும் பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் பெருக்கெடுக்கிறது. எனவே ஒவ்வொரு பிள்ளையும் காப்பு என்று ஒருவர் சொல்லலாம். இன்னொருவர் எழுந்து, கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய்ச் சுழற்சி நின்றுபோகிறது, பாலூட்டும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது, மாதவிடாய் ஓடிய ஆண்டுகளே காப்பு என்றால் எட்டுப் பிள்ளை பெற்று எட்டுக்கும் பாலூட்டியவளுக்குக் காப்பு குறைந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். இரண்டும் அதே கோட்பாட்டிலிருந்தே வருகின்றன. பிள்ளை கூடினால் நோய் குறையும் என்றும் சொல்லி, கூடும் என்றும் சொல்லி, எந்த முடிவு வந்தாலும் தன் வெற்றியாகக் காட்டிக்கொள்ளும் கோட்பாடு இன்னும் சோதனைக்கே வரவில்லை. மார்பகத்தில் நிலைமை வேறு. அங்கே முதல் கருவோடு சுரப்பித் திசுவே முதிர்ந்து மாறுகிறது என்ற திட்டவட்டமான வழி தெரியும். இரைப்பையில் அப்படி ஒரு வழி காட்டப்படவில்லை.

எண்களும் துணை செய்யவில்லை. 335,216 பெண்களில் 181 பேர் என்பதைப் பிள்ளையற்றவர், ஒன்று பெற்றவர், இரண்டு, மூன்று, நான்குக்கு மேல் என்று பிரித்தால் ஒவ்வொரு பெட்டியிலும் சில பத்துப் பேர்தான் தேறுவார்கள். அந்த நிலையில் ஒரு பெட்டி சற்று மேலே போவதும் கீழே வருவதும் தற்செயலாகவே நடக்கும். மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 2006 முதல் 2012 வரை 35 வயதிலிருந்து 70 வயது வரையுள்ள 106,527 பேரைச் சேர்த்து நடத்தும் மலேசியப் பெருங்குழு ஆய்வு நம் பெருமைக்குரியது. அதில் பெண்கள் 60 ஆயிரம் பேர் என்றும், ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுக்கு ஐந்து பேருக்கு நோய் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு மூன்று நோயாளி. பதினைந்து ஆண்டுகளில் 45. இந்தியப் பெண்கள் அதில் ஏழில் ஒரு பங்கு என்றால் ஆறு ஏழு பேர். ஆறு ஏழு பேரைப் பிள்ளைக் கணக்கில் பிரித்து யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. நாளை உள்ளூரிலிருந்தே ஒருவர் தமிழ்ப் பெண்களைப் பற்றி உறுதியான குரலில் பேச வந்தால், எத்தனை பேர் என்பதை முதலில் கேளுங்கள்.

ஆதரவு ஆய்வுகளுக்கும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். சில ஆய்வுகளில் பிள்ளையற்ற பெண்களுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது உண்மை. அதை நான் பொய் என்று சொல்லவில்லை. அதன் பொருளைத்தான் கேள்வி கேட்கிறேன். பிள்ளை பெறாதவர்களில் சிறுவயதிலிருந்தே நோயாளியாக இருந்தவர், வறுமையால் மணமாகாதவர், சினைப்பைக் கோளாறால் கரு தங்காதவர் எல்லாரும் இருப்பார்கள். அவர்களுடைய நோய்க்குக் காரணம் பெறாமையா, பெறாமைக்குக் காரணமான வாழ்வா? இதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. தகப்பன்மாரையும் அதே கணக்கில் எண்ண வேண்டும். பிள்ளையற்ற ஆண்களுக்கும் நோய் கூடுதலாகத் தெரிந்தால், அது கருப்பையின் கதையல்ல, வாழ்வின் கதை. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி முடிவு சொல்லப் புறப்படும் ஆய்வு, அவள் கணவனையும் எண்ணிவிட்டு வரட்டும்.

இரைப்பைப் புற்றுநோய் என்பதே ஒரே நோயும் அல்ல. 1965-இல் லாரென் அதைக் குடல்வகை, பரவல்வகை என்று இரண்டாகப் பிரித்தார். கிருமி, நாட்பட்ட அழற்சி, இரைப்பைச் சுவர் மெலிதல் என்று படிப்படியாக வருவது குடல்வகை. ஆண்-பெண் இடைவெளியும் மாதவிடாய் நின்ற பின் அது குறைவதும் முக்கியமாக இதில்தான் காணப்படுகின்றன. பரவல்வகை இளவயதிலும் வருவது; இளம் நோயாளிகளில் பெண்கள் குறைவாக இல்லை, பல இடங்களில் ஆண்களைவிட அதிகம். 1998-இல் நியூசிலாந்து மாவோரிக் குடும்பம் ஒன்றில் இதன் மரபுவழி வடிவத்துக்குக் காரணமான மரபணுப் பிழை கண்டறியப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் நிறைந்து ஓடும் முப்பது வயதில், கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணைத் தாக்கும் நோயிடம் போய்ப் பிள்ளைப்பேறு காப்பு என்று பேச முடியாது. இரண்டு வகையையும் ஒரே பையில் போட்டுக் கணக்கிட்ட ஆய்வுகளின் சராசரிக்கு அதனால் மதிப்புக் குறைவு.

இவ்வளவையும் வைத்து என் தீர்ப்பு இது. பெண்ணுக்கு இரைப்பையில் ஒரு காப்பு இருக்கிறது. அது மாதவிடாய் ஓடும் ஆண்டுகளில் சினைப்பை சுரக்கும் ஹார்மோனோடு தொடர்புடையது என்பதற்குச் சான்று மிதமான அளவில், நம்பத்தக்கதாக இருக்கிறது. அந்தக் காப்பைப் பிள்ளைப்பேறு கூட்டுகிறது என்பதற்குச் சான்று இல்லை. பிள்ளை பெறாமை இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் என்று யாராவது ஒரு பெண்ணிடம் சொன்னால், அது ஆதாரமற்ற பேச்சு. 1966-இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்துக் குறைவாகப் பெறச் சொன்ன நாடு, 1984-இல் ஏழு கோடி மக்கள்தொகையை இலக்காக வைத்து நிறையப் பெறச் சொன்ன நாடு இது. எத்தனை பெற வேண்டும் என்று பெண்களுக்கு இங்கே போதுமான அளவு சொல்லியாகிவிட்டது. புற்றுநோயின் பெயரால் இன்னொரு அறிவுரை வேண்டாம்.

பிள்ளை எண்ணிக்கைக்கும் இரைப்பைக்கும் தொடர்பே கிடையாதா என்று கேட்டால், உண்டு. ஆனால் அது தாயின் இரைப்பையில் இல்லை, பிள்ளைகளின் இரைப்பையில்.

ஹெலிகோபேக்டர் பைலோரி பெரும்பாலும் சிறுவயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, தாயிடமிருந்தும் உடன்பிறந்தவர்களிடமிருந்தும் தொற்றுகிறது. ஒருமுறை குடியேறினால் மருந்தில்லாமல் போவதில்லை. அறுபது வயதில் வரும் நோய்க்கு ஆறு வயதில் அடித்தளம் விழுந்துவிடுகிறது. ஹவாய்த் தீவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை மார்ட்டின் பிளேசரும் உடனுழைத்தோரும் 2007-இல் வெளியிட்டார்கள். கிருமியின் கொடிய வகையைச் சுமந்தவர்களில், உடன்பிறந்தோர் ஏராளமாக இருந்த பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு, சிறிய குடும்பத்தில் வளர்ந்தவர்களைவிட இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்கு. ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சிறுவயதிலேயே, உறவுக்குள்ளேயே தாவும் கிருமி அதிகக் கேடு செய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதைப் படித்ததும் எனக்குத் தோட்டத்து லயம்தான் முன்னால் வந்தது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, முன்வாசல்; அதற்குள் ஒன்பது பத்துப் பேர். பலருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், வரிசையில் கடைசியில் கக்கூஸ். ஒரே தட்டில் பிசைந்து சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்கு அம்மா உருட்டிக் கொடுத்த கவளம். அன்பால் கொடுத்ததுதான், அந்தச் சோற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குறை சொல்ல வேண்டியது, பால்மரம் வெட்டியவர்களுக்கு அறையொன்றும் குழாயொன்றும் போதும் என்று கணக்குப் போட்ட தோட்ட நிர்வாகங்களை. இந்தியர்களிடம் கிருமி அதிகமாக இருப்பதைப் பழக்கவழக்கம் என்று பேசுகிறவர்கள் அந்த அறையின் அளவையும் சேர்த்துப் பேச வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் அடுக்ககங்களுக்கும் பெயர்ந்தபோது, லயத்தில் வளர்ந்த உடம்பும் கூடவே பெயர்ந்தது. இன்று ஐம்பதும் அறுபதுமாக இருக்கிறவர்கள் அவர்கள்தான். தாம் பெற்ற பிள்ளைகள் ஒன்றிரண்டே ஆனாலும், தாம் பிறந்த வீட்டில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ பிறந்தவர்கள்.

பிள்ளைப்பேற்றின் வரலாறு இன்னொரு வகையிலும் பெண்ணைப் பாதிக்கிறது: நோயை மறைக்கிறது. இரைப்பைக் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கசியும் இரத்தம் முதலில் சோகையாக வெளிப்படும். ஆணுக்குச் சோகை என்றால் எங்கே இரத்தம் போகிறது என்று தேடுவார்கள். மூன்று பிள்ளை பெற்ற நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் சோகை என்றால், மாதவிடாய்தான், பிரசவத்தில் இழந்ததுதான் என்று இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவது எளிது. கருவுற்ற பெண்ணின் வாந்தியும் பசியின்மையும் மசக்கை என்றே கொள்ளப்படும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது மசக்கைதான். ஐந்தாவது ஆறாவது மாதத்திலும் எடை இறங்கிக்கொண்டே போகும் ஒருத்தியை மட்டும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. சினைப்பைக் கட்டி என்று அறுவைக்குப் போய், அது இரைப்பையிலிருந்து பரவியது என்று பிறகு தெரியவரும் பெண்களும் உண்டு. அந்தக் கட்டியை 1896-இல் விவரித்த குருக்கென்பெர்க்கின் பெயரிலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. இந்நாட்டில் இந்நோயாளிகளில் மிகப் பலர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். பெண்ணிடம் அறிகுறி தெரியாமலில்லை. அறிகுறிக்கு வேறு பெயர் தயாராக இருக்கிறது.

கொரியாவில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை இரைப்பை உள்நோக்கிச் சோதனை செய்கிறார்கள். மலேசியாவில் அப்படி நாடளாவிய திட்டம் இல்லை. நோய் இங்கே அந்த அளவுக்கு இல்லாததால் எல்லாருக்கும் குழாய் விட்டுப் பார்ப்பதும் பயன் தராது. யாருக்குப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதில்தான் அக்கறை வேண்டும். தேர்வுக்கு உறுதியான சான்று கிருமியின் பக்கம் இருக்கிறது. சீனாவின் லின்சூ வட்டாரத்தில் கிருமியை மருந்தால் ஒழித்து 22 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நோய் வந்த குடும்பத்தாரிடம் கொரியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், கிருமி ஒழிப்பு ஆபத்தை 55 விழுக்காடு குறைத்தது. பிள்ளைப்பேற்றைப் பற்றிய எந்த ஆய்வும் இதன் அருகில்கூட வரவில்லை. ஓரிரு வாரம் மாத்திரை போடுவதால் கிடைப்பது இது.

அரசு கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கே போகும் பெண் சொல்ல வேண்டியவற்றைச் சுருக்கிவிடக் கூடாது. கேஸ்ட்ரிக் என்று மட்டும் சொன்னால் கேஸ்ட்ரிக்குக்கு மருந்து கிடைக்கும். கொஞ்சம் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, உடை தளர்ந்துவிட்டது, விழுங்கும்போது தடை படுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, மாதவிடாய் நின்று பல வருடமாகியும் இரத்தம் குறைவு என்கிறார்கள்: இவற்றை முழுசாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்துச் சோகை என்றால் குடலையும் இரைப்பையையும் உள்நோக்கிப் பார்ப்பதே முறை. இதைக் கேட்டு வாங்க அவளுக்கு உரிமை உண்டு.

மருத்துவரின் பக்கத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். இரைப்பைக்காக ஒரு பெண்ணிடம் கேட்கும் கேள்விகளில் எத்தனை பிள்ளை என்பது கடைசி வரியில் இருந்தால் போதும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன: உங்கள் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள், நீங்கள் எத்தனையாவது, பத்து வயதில் எந்த வீட்டில் இருந்தீர்கள், ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள், குழாய் எங்கே இருந்தது, உங்கள் வீட்டில் யாருக்காவது இரைப்பையில் புற்று வந்ததா. இவற்றுக்குக் கிடைக்கும் பதிலைப் பார்த்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எழுதிக் கொடுக்கலாம். கிருமி இருந்தால் அவளுக்கும், அவள் உடன்பிறந்தவர்களுக்கும், பிள்ளை பெற்றவளோ பெறாதவளோ, ஒரே மருந்துதான்.